டிரெய்லர் கழன்றால் தானாகப் பிடிக்கும் பிரேக்: அந்த மெல்லிய கம்பியைப் பாருங்கள்

கம்பளையிலிருந்து இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு டிரெய்லர் இழுத்துக்கொண்டு ஏறுகிறவர்கள் கொக்கியைப் பார்ப்பார்கள், லைட்டைப் பார்ப்பார்கள், கொக்கிக்குப் பக்கத்தில் தொங்கும் மெல்லிய கம்பியை மட்டும் பார்க்க மாட்டார்கள். கொக்கி கழன்றுவிட்டால் பின்னால் வரும் த்ரீவீலரையும் ரோட்டோரம் நடக்கும் பிள்ளைகளையும் காப்பாற்றப் போவது அந்தக் கம்பிதான்.

மின்சார பிரேக் உள்ள டிரெய்லரில் தனியாக ஒரு 12 வோல்ட் பெட்டரியும் ஊசி போன்ற ஒரு பின் (pin) செருகிய சுவிட்ச்சும் இருக்கும். வண்டியும் டிரெய்லரும் பிரிந்தால் கம்பி அந்தப் பின்னை உருவிவிடும், உடனே மின்சாரம் பாய்ந்து டிரம்முக்குள் இருக்கும் மின்காந்தம் பிரேக் கட்டைகளை விரிக்கும், சில்லு நிற்கும். மின்சாரம் இல்லாத வகையில் கம்பி டிரெய்லரின் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பூட்டிவிட்டு, அப்புறம் தானே அறுந்துபோகும். அறுவதற்கென்றே செய்த கம்பி அது. பலமாக இருக்கட்டும் என்று தடித்த வயரை மாட்டிவிடாதீர்கள். பிரேக்கே இல்லாத டிரெய்லருக்கு இது எதுவும் பொருந்தாது, அதற்கு வண்டியோடு பிணைக்கும் சங்கிலிதான்.

கம்பியை எங்கே மாட்டுவது என்பதில்தான் பெரும்பாலும் பிழை நடக்கிறது. டிரெய்லர் பூட்டும் கொக்கி உருண்டையிலோ சங்கிலியிலோ மாட்டினால், உருண்டை அடியோடு பெயர்ந்து வரும்போது கம்பியும் கூடவே வந்துவிடும், பின்னை உருவாது. வண்டியின் சட்டத்தில் உறுதியான இடமாகப் பார்த்து மாட்டுங்கள். கொண்டை ஊசி வளைவில் முழுதாகத் திரும்பினாலும் இழுபடாத அளவுக்குத் தளர்வு வேண்டும், தரையில் உரசவும் கூடாது.

புறப்படுமுன் சமதரையில் நிறுத்தி, டிரெய்லரின் மின் பிளக்கைக் கழற்றிவிட்டு, பின்னைக் கையால் உருவி, வண்டியை மெல்ல முன்னால் எடுத்துப் பாருங்கள். சில்லு உருளாமல் இறுகி நின்றால் சரி. உருண்டால் முதலில் பெட்டரியைச் சந்தேகியுங்கள், மாதக்கணக்கில் சார்ஜ் செய்யாத பெட்டரி அந்த நேரத்தில் கைவிட்டுவிடும். பார்த்து முடிந்ததும் பின்னை உடனே செருகிவிடுங்கள், இல்லையென்றால் பெட்டரி தீர்ந்துவிடும், காந்தமும் சூடேறும்.

மலையில் இன்னொன்று. ஏற்றத்தில் கழன்றால் டிரெய்லர் பின்னோக்கி உருளும், இந்த மின்சார டிரம் பிரேக்குகளின் பிடி பின்னோக்கி உருளும்போது குறைவு. அமெரிக்க விதி கேட்பதே குறைந்தது 15 நிமிடப் பிடிதான். அதனால் டிரெய்லர் நின்றதும் போனை எடுக்காதீர்கள், முதலில் பள்ளத்துப் பக்கமாகச் சில்லுக்குக் கட்டையோ பெரிய கல்லோ வையுங்கள்.