டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: பதுங்கித் தாக்கினால் முதல் டர்ன் யாருக்கு?

பகடை உருட்டி, கதாபாத்திரங்களாக மாறி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை ஆடத் தொடங்குபவர்கள் அதிகம் குழம்புவது சண்டை ஆரம்பிக்கும் அந்த நொடியில்தான். "நாங்கதானே பதுங்கியிருந்தோம், எங்களுக்கு ஒரு ரவுண்டு சும்மா கிடைக்கும்ல?" என்று கேட்பார்கள். கிடைக்காது. ரவுண்டு என்பது ஆளுக்கு ஒரு டர்ன் (ஆடும் முறை) வரும் சுற்று. எதிரி எதிர்பாராதபோது தாக்குபவர்களுக்கென சர்ப்ரைஸ் ரவுண்டு என்று தனியாக ஒன்று மூன்றாம், நான்காம் பதிப்புகளில் இருந்தது. ஐந்தாம் பதிப்பில் இல்லை. முதலில் அந்தப் பதிப்பின் 2014 விதிகளின்படி ஒரு சண்டையை நடத்திப் பார்ப்போம். 2024இல் மாறியதை அப்புறம் சொல்கிறேன்.

காட்டுப் பாதையில் ஒரு போர்வீரன், ஒரு மந்திரவாதி, ஒரு ரோக் (பதுங்கித் தாக்கும் வகைக் கதாபாத்திரம்) நடந்து வருகிறார்கள். புதருக்குள் இரண்டு கோப்ளின்கள் (குட்டி அரக்கர்கள்).

படி 1: முதலில் சர்ப்ரைஸ் (எதிர்பாராமல் மாட்டிக்கொள்வது)

ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் ஒவ்வொரு கோப்ளினுக்கும் டி20 (இருபது முகப் பகடை) உருட்டி, அதன் ஸ்டெல்த் (பதுங்கும் திறன்) போனஸ் 6ஐக் கூட்டுகிறார். ஒன்றுக்கு 17, இன்னொன்றுக்கு 12 வருகிறது. இதை நம் ஆட்கள் ஒவ்வொருவரின் பாசிவ் பெர்செப்ஷனோடும் (தேடாமலே கவனிக்கும் திறன்) ஒப்பிட வேண்டும். அது 10உடன் பெர்செப்ஷன் போனஸைக் கூட்டினால் வரும் எண். இதற்கு உருட்ட வேண்டியதில்லை.

போர்வீரனுக்கு 10, மந்திரவாதிக்கு 11, ரோக்குக்கு 14. ஆக, 12 வாங்கிய கோப்ளின் ரோக் கண்ணில் பட்டுவிடுகிறது. ஒரு எதிரியைக் கவனித்தாலே போதும், அவளுக்கு சர்ப்ரைஸ் இல்லை. மற்ற இருவரும் மாட்டிக்கொண்டார்கள். இதைக் குழுவுக்கு மொத்தமாக முடிவு செய்யாதீர்கள். ஆளுக்கு ஆள் பார்க்க வேண்டும்.

படி 2: எல்லோரும் இனிஷியேட்டிவ் உருட்டுங்கள்

யாருக்குப் பின் யார் ஆடுவது என்ற வரிசையை முடிவு செய்வதுதான் இனிஷியேட்டிவ். மாட்டிக்கொண்டவர்களும் உருட்ட வேண்டும். டி20, அதோடு டெக்ஸ்டெரிட்டி மாடிஃபையர் (சுறுசுறுப்புக்குக் கூட்டும் எண்). ஒரே வகை எதிரிகளுக்கு ஒரே உருட்டல் போதும். ரோக் 18, போர்வீரன் 17, கோப்ளின்கள் 14, மந்திரவாதி 7 என்று வைத்துக்கொள்வோம். வீரர்கள் இருவருக்கு ஒரே எண் வந்தால் யார் முன்னே என்று அவர்களே பேசிக்கொள்ளலாம்.

படி 3: முதல் ரவுண்டு

ரோக் வழக்கம்போல் ஆடுகிறாள். அடுத்தது போர்வீரனின் டர்ன்: சர்ப்ரைஸ் ஆனதால் நகர முடியாது, ஆக்ஷன் எடுக்க முடியாது. ஆனால் அந்த டர்ன் முடிந்ததும் அவனுக்கு ரியாக்ஷன் (அடுத்தவர் டர்னிலும் செய்யக்கூடிய உடனடி எதிர்வினை) திரும்ப வந்துவிடுகிறது. அதனால் ஒரு கோப்ளின் அவனை ஒட்டி ஓடி மந்திரவாதியை நோக்கிப் போனால், அவன் ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் (விலகி ஓடுபவர் மேல் ஓர் அடி) போடலாம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மந்திரவாதி நிலைமைதான் மோசம். அவனுடைய முதல் டர்ன் இன்னும் முடியாததால் ரியாக்ஷன் இல்லை. கோப்ளினின் அம்பு வரும்போது, ஆர்மர் கிளாஸை (அடி படாமல் காக்கும் எண்) 5 உயர்த்தும் ஷீல்டு மந்திரத்தை அவனால் போட முடியாது. சர்ப்ரைஸ் ஆனவர்களுக்கும் நல்ல இனிஷியேட்டிவ் ஏன் முக்கியம் என்பது இங்கேதான் தெரியும்.

பேச்சுவார்த்தை நடுவே ஒரு வீரர் "நான் இப்பவே குத்துறேன்" என்று சொன்னால் என்ன செய்வது? அந்தக் குத்தை உடனே நடத்தவிடாதீர்கள். முதலில் இனிஷியேட்டிவ், குத்து அவர் டர்னில். எதிரே நிற்பவனுக்கு ஆபத்து துளியும் தெரியவில்லை என்று டன்ஜன் மாஸ்டர் முடிவு செய்தால் மட்டும் அவனுக்கு சர்ப்ரைஸ். இதைக் கறாராகப் பின்பற்றினால் "நான்தான் முதல்ல சொன்னேன்" என்ற சண்டையே மேசையில் வராது.

2024 விதிகளில்

இங்கே சர்ப்ரைஸ் ஆனவர் டர்னை இழப்பதில்லை. இனிஷியேட்டிவை டிஸ்அட்வான்டேஜோடு உருட்டுகிறார், அவ்வளவுதான். போர்வீரன் இரண்டு டி20 உருட்டி 16, 4 வந்தால், குறைந்ததை எடுத்து 4உடன் தன் டெக்ஸ்டெரிட்டி மாடிஃபையர் 1 கூட்டி 5. கோப்ளின்களுக்குப் பின்னால் போய்விடுவான், ஆனால் முதல் ரவுண்டிலேயே வாள் வீசுவான். மந்திரவாதியும் ஷீல்டு போடலாம். புதிதாக வருபவர்களுக்கு இதுவே நியாயமானது என்பது என் கருத்து. ஆசையாக ஆட வந்தவரை முதல் டர்னிலேயே சும்மா உட்காரவைப்பது கொடுமை.

அசாசின் ரோக் (கொலையாளி வகை ரோக்) ஆடப் போகிறீர்களா? எந்த ஆண்டு விதிகள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 2014இல் சர்ப்ரைஸ் ஆனவர் மேல் அசாசினின் அடி பட்டாலே கிரிட்டிக்கல் (சேதப் பகடைகள் இரட்டிப்பாகும் அடி). 2024இல் அந்தச் சலுகை கிடையாது. இனிஷியேட்டிவ் உருட்ட அட்வான்டேஜ் (இரண்டு டி20 உருட்டி அதிகமானதை எடுப்பது) உண்டு.