எலி ஏன் தண்ணீர் குடிக்கவில்லை? குடல் ஓமோன் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடல் ஓமோன்கள் தாகத்தை மாற்றுகின்றனவா என்று எலிகளில் பார்க்க, கொழும்பில் எங்கள் விலங்குக் கூடத்துக்கு ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் வருகிறார்கள். நாங்கள் தொடங்கிய காலத்தில் இருந்த அதே பிழைகள் அவர்களோடு திரும்பி வருகின்றன. போத்தலில் இலக்கம் எழுத மறப்பது, தராசைச் சரிபார்க்காதது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை தாமாகவே திருந்திவிடும்.

தீனியைக் கூட்டுக்குள் விட்டுவிட்டுத் தாகத்தை அளப்பது

இது எனக்கு இன்னமும் கோபமூட்டுகிறது. எலி ஒரு நாளில் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கை உணவை ஒட்டியே குடிக்கிறது. உலர்தீனியைக் கடிக்கும், போத்தலுக்குப் போகும், மறுபடி கடிக்கும். ஆகவே பசியைக் குறைக்கும் எந்த ஓமோனும், தாகத்தைத் தொடாமலே, போத்தலில் தண்ணீரை மிச்சப்படுத்திவிடும்.

ஒரு மாணவி எக்செண்டின்-4 என்ற பெப்டைட்டை (சிறு புரதத்துண்டை) ஏற்றிய எலிகளின் வரைபடத்தோடு வந்தார்.

“சேர், தாகம் நன்றாகக் குறைந்திருக்கிறது.”

“கூட்டில் தீனி இருந்ததா?”

“இருந்தது சேர்.”

“எவ்வளவு தின்றன?”

அதை நிறுத்துப் பார்க்கவில்லை. வெளிநாட்டிலிருந்து பனிக்கட்டியில் வந்த பெப்டைட்டோ தீர்ந்துவிட்டது. மறுபடி வாங்கப் பணமும் இல்லை. இதில் வேதனை என்னவென்றால், அவர் சொன்ன முடிவு பெரும்பாலும் சரியானதே. ஹீலா பல்லியின் நஞ்சில் கண்டறியப்பட்ட எக்செண்டின்-4, குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 ஓமோனைப் போலச் செயற்படுவது. தீனியே இல்லாத நேரத்திலும் அது எலியின் குடிநீரைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அவருடைய தரவை வைத்து அதை யாரும் ஏற்க முடியாது.

பரிசோதனை நேரத்தில் மருந்து பெற்ற, பெறாத இரு குழுக்களுக்கும் தீனியை எடுத்துவிடுங்கள். செறிந்த உப்புக்கரைசலை ஊசியால் ஏற்றித் தாகத்தை உண்டாக்குங்கள். இரத்தத்தின் கனவளவு குறைவதால் வரும் தாகத்தைத் தனியே சோதியுங்கள். ஓர் ஓமோன் ஒருவகைத் தாகத்தைத் தணித்து மற்றதை விட்டுவிடலாம். நீண்ட நேர அளவீடு வேண்டுமென்றால், மருந்து பெற்ற எலி தின்ற அளவே தீனி பெறும் இன்னொரு குழுவையும் வையுங்கள்.

உணவும் நீரும் எப்போதும் சேர்ந்தே ஏறி இறங்கும் என்று நினைப்பவர்கள் கிரெலினைப் பார்க்க வேண்டும். 1999இல் கொஜிமாவும் கங்காவாவும் எலி இரைப்பையில் கண்டறிந்த இந்த ஓமோன் பசியைத் தூண்டுவது. எலியின் மூளைக்குள் ஏற்றினால், உப்பும், தாகத்தைத் தூண்டும் ஓமோனான அஞ்சியோதென்சினும் எழுப்பிய தாகத்தை அதுவே அடக்குகிறது. 1973இல் கிப்ஸ், யங், ஸ்மித் மூவரும் கோலிசிஸ்ரோகைனின் என்ற குடல் ஓமோன் உணவைக் குறைப்பதைக் காட்டியபோது, தாகமெடுத்த எலிகளில் குடிப்பது குறையவில்லை என்பதையும் சோதித்தார்கள். அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்த சரிபார்ப்பை இன்று தவிர்ப்பதற்குக் காரணமே இல்லை.

ஜிஎல்பி-1 வகை மருந்துகளை இன்று நீரிழிவுக்கும் உடற்பருமனுக்கும் ஏராளமானோர் எடுக்கிறார்கள். அவை தாகத்தையே மழுங்கடிக்கின்றனவா, உண்பது குறைவதால் குடிப்பதும் குறைகிறதா என்பது கொழும்பு வெயிலில் நின்று வேலை செய்யும் நோயாளிக்கு முக்கியமான கேள்வி.

குமட்டலைத் தாகத்தணிப்பு என்று கொள்வது

எலியால் வாந்தியெடுக்க முடியாது. குமட்டினால் களிமண்ணைத் தின்னும். அதனால் வேறொரு நாளில் அதே அளவு மருந்தைக் கொடுத்து, கூட்டில் கயோலின் என்ற களிமண் கட்டியை வைத்துப் பாருங்கள். எலி தின்று கட்டி குறைந்தால், குடிக்காமல் இருந்த எலிக்குத் தாகம் தணிந்ததாகச் சொல்ல முடியாது.

பகலில் மட்டும் அளப்பது

எலி பெரும்பாலும் இரவில்தான் குடிக்கும்.

ஒரே பாலின எலிகளோடு முடிப்பது

பெண் ஓமோனான ஈஸ்ட்ரோஜன் குடிநீரைக் குறைக்கிறது. ஆண், பெண் இரண்டையும் சோதியுங்கள்.

குளிரூட்டி நின்ற நாளையும் சேர்ப்பது

2022 மின்வெட்டுக் காலத்துப் பதிவேடுகளைப் புரட்டினால் இது விளங்கும். எலிக்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை. உமிழ்நீரை மயிரில் பூசித்தான் உடலைக் குளிர்விக்கும், இழந்த நீரைப் பிறகு குடித்து ஈடுசெய்யும். நமது ஈரக்காற்றில் அந்த உமிழ்நீர் எளிதில் உலராது. ஆகையால் ஒவ்வொரு அளவீட்டுக்கும் பக்கத்தில் அறையின் வெப்பநிலையையும் ஈரப்பதனையும் எழுதுங்கள். எந்த வெப்பநிலைக்கு மேல் போனால் அந்த நாளை நீக்குவது என்பதை, முதல் போத்தலை நிறுப்பதற்கு முன்பே பதிவேட்டின் முதற்பக்கத்தில் எழுதிவையுங்கள்.