ஓட்டப் பயிற்சியின் ஏற்றமும் இறக்கமும்

புதிதாக ஓடத் தொடங்குபவருக்கு முதல் சில வாரங்களிலேயே மூச்சுத்திறன் மேம்பட்டுவிடும். ஆனால் தசைநாண்களும் எலும்புகளும் அந்தச் சுமைக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும் என்பதால், உற்சாகம் மிகுந்திருக்கும் அந்தக் காலத்திலேயே முழங்கால் வலியும் கணைக்கால் வலியும் பெரும்பாலும் தலைகாட்டுகின்றன. ஆகவே, தடையின்றிப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்திலேயே பெரும்பாலான நாட்களில் ஓடுங்கள். தூரத்தைக் கூட்டும் வாரத்தில் வேகத்தைக் கூட்டாதீர்கள்.

எலும்பில் ஒரே இடத்தில் அழுத்தும்போது வலித்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இதில் பிடிவாதம் வேண்டவே வேண்டாம்.

வேலைப்பளுவால் ஒரு வாரம் விடுபட்டால் இழப்பது மிகச் சொற்பம். விட்டதைப் பிடிக்க இரட்டிப்பாக ஓடுவதே, என் பார்வையில், பெரிய ஆபத்து. 3 வாரங்களுக்கு மேல் விடுபட்டிருந்தால், பழைய தூரத்தில் பாதியிலிருந்து மெதுவாகத் தொடங்குங்கள்.