எலக்ட்ரானுக்கு ஆரம் போடாதீர்கள்

பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்கு மாதிரிகளும் பலகைகளும் செய்துகொடுப்பது என் வேலை. போன மாதம் இளம் ஆசிரியர்கள் இருவர், அணுவின் அளவைக் காட்டும் பலகைக்கு ஒரு வரைவு கொண்டுவந்தார்கள். பார்த்ததும் பழைய எரிச்சல் திரும்பியது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நான் செய்த அதே தவறு, அதே எண். பத்தின் அடுக்கில் கழித்தல் குறியை விடுவது, நானோவையும் பிக்கோவையும் மாற்றிப் போடுவது எல்லாம் இரண்டாம் முறை படித்தாலே கண்ணில் பட்டுவிடும். அப்படிப் படாதவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

எடை கூடினால் உருவமும் கூடும் என்று நம்புவது

தங்க அணு வெள்ளி அணுவைப்போல 1.8 மடங்கு கனம். உருவம்? இரண்டுக்கும் ஆரம் சுமார் 144 பிக்கோமீட்டர்தான் (ஒரு பிக்கோமீட்டர் 10⁻¹² மீட்டர்). வெள்ளியின் கருவில் 47 புரோட்டான், தங்கத்தில் 79. கூடுதல் மின்னூட்டம் எலக்ட்ரான்களை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. ஒரே அளவுள்ள இரண்டு காசில் தங்கக் காசு கையில் அப்படிக் கனப்பது இதனால்தான். சீசியம் யுரேனியத்தைவிட லேசு, ஆனால் அதன் அணுதான் பெரியது. ஆகவே அணு எண் ஏற ஏற வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகாதீர்கள்.

ஆரமா, விட்டமா?

எழுதிவிடுங்கள். பாதிச் சண்டை இதில்தான்.

எலக்ட்ரானுக்கு ஆரம் போடுவது

என் கைக்காசு போன இடம் இது. புரோட்டானின் ஆரம் 0.84 ஃபெம்டோமீட்டர் (ஒரு ஃபெம்டோமீட்டர் 10⁻¹⁵ மீட்டர்). எலக்ட்ரானுக்கும் ஒன்று வேண்டுமே என்று தேடினேன். மாறிலிகளின் பட்டியலில் ‘எலக்ட்ரானின் செவ்வியல் ஆரம்: 2.82 ஃபெம்டோமீட்டர்’ என்று இருந்தது. ‘செவ்வியல்’ இடத்தை அடைக்கிறதென்று அந்தச் சொல்லை மட்டும் வெட்டிவிட்டு இருபது ஃப்ளெக்ஸ் அடித்தேன். கண்காட்சி திறந்த அன்றே ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “சார், எலக்ட்ரான் புரோட்டானைவிட மூணு மடங்கு பெருசா? அப்புறம் ஏன் படத்துல குட்டியா போட்டிருக்கீங்க?” என்னிடம் பதில் இல்லை. இருபதையும் சுருட்டிக்கொண்டு வந்தேன். ஒன்று இன்னும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை மூடிக்கொண்டு கிடக்கிறது.

அந்த 2.82 எங்கிருந்து வந்தது? எலக்ட்ரானின் மின்னூட்டத்தை ஒரு குட்டி உருண்டைக்குள் அடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உருண்டை சிறுக்கச் சிறுக்க, தன்னைத்தானே விலக்கும் மின்னூட்டத்தை அடக்கிவைக்க அதிக ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல், எலக்ட்ரானின் நிறைக்கு உரிய மொத்த ஆற்றலை ஏறத்தாழ எட்டும்போது உள்ள ஆரம்தான் இது. குவாண்டம் இயற்பியலுக்கு முந்திய கணக்கு. எக்ஸ் கதிர்கள் எலக்ட்ரானில் பட்டுச் சிதறுவதைக் கணக்கிட இன்றும் உதவுவதால் பட்டியலில் நிற்கிறது. யாரும் எலக்ட்ரானை அளந்து கண்ட எண் இல்லை.

அளக்க முயன்றவர்களுக்கு உருவம் எதுவும் அகப்படவில்லை. துகள் முடுக்கிகளில் மோதவிட்டு 10⁻¹⁸ மீட்டர் வரை, அதாவது புரோட்டானில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை துழாவியும், எலக்ட்ரான் புள்ளி போலத்தான் நடந்துகொள்கிறது. சரி, 10⁻¹⁸ என்றே போட்டுவிடலாமா என்று அந்த ஆசிரியர்கள் கேட்டார்கள். கூடாது. காய்கறிக்கடைத் தராசில் ஒரு தலைமுடியை வைத்தால் முள் அசையாது. அதற்காகத் தராசு காட்டும் மிகச்சிறிய எடைதான் முடியின் எடை என்று எழுதுவோமா? ‘10⁻¹⁸ மீட்டருக்கும் கீழே’ என்று எழுதுங்கள்.

எலக்ட்ரான் புள்ளி என்றால் அணுவுக்குப் பருமன் எங்கிருந்து வந்தது? எலக்ட்ரானைக் கருவருகே நெருக்கினால் அதன் இயக்க ஆற்றல் எகிறும். விலகப் பார்த்தால் கருவின் மின்கவர்ச்சி இழுக்கும். இரண்டும் சமாதானமாகும் தூரம், ஒற்றைப் புரோட்டானே கருவாக உள்ள ஹைட்ரஜனில் 53 பிக்கோமீட்டர். எலக்ட்ரானை எடுத்துவிட்டு, அதே மின்னூட்டமும் அதைப்போல 207 மடங்கு நிறையும் உள்ள மியூவான் என்ற துகளை வைத்தால் அணு சுமார் 186 மடங்கு சுருங்கிவிடும். கனம் கூடியதும் உருவம் குறைகிறது, பாருங்கள்! இந்தச் சுருங்கிய அணுவை வைத்துத்தான் சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் புரோட்டானை அளந்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். அதுவரை 0.88 என்றிருந்த ஆரம் 0.84 என்று வந்தது. பழைய புத்தகத்தில் 0.88 இருந்தால் அச்சுப்பிழை என்று அடித்துவிடாதீர்கள்.

ஒரே கடுகை எல்லா அணுவுக்கும் வைப்பது

கருவை 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள கடுகாக்கினால், ஹைட்ரஜனின் எலக்ட்ரானை 63 மீட்டர் தள்ளித் தேட வேண்டும். தங்கத்தின் கரு ஆரமோ சுமார் 7 ஃபெம்டோமீட்டர். அதைக் கடுகாக்கினால் அணு 20 மீட்டரில் முடிந்துவிடும். முதலாவதற்குப் பெரிய மைதானம் வேண்டும், இரண்டாவது பள்ளி முற்றத்தில் அடங்கும். எந்த அணு என்று சொல்லாமல் கயிறு கட்டாதீர்கள்.

நிறம்

புரோட்டானுக்குச் சிவப்பு, எலக்ட்ரானுக்கு நீலம். பூசுங்கள், ‘அடையாள நிறம்’ என்று அடியில் ஒரு வரி போதும்.

அந்த ஆசிரியர்கள் நீலத்தையும் விட்டுவிட்டார்கள். எலக்ட்ரானின் கட்டத்தில் படமே இல்லை, எழுத்து மட்டும். அச்சகத்திலிருந்து எனக்குத்தான் போன் வந்தது: “சார், இங்க ஒரு படம் விட்டுப்போச்சே, அனுப்புறீங்களா?”