பாய்மரப் படகில் நீர்வண்ணம் தீட்டும் முறை

பாய்மரப் படகில் மட்டமான மேசை கிடைக்காது. பாயில் காற்று நிறைந்ததும் படகு ஒரு பக்கம் சாயும். குவளை கவிழும், ஈர வண்ணம் தாழ்ந்த பக்கம் வழியும். ஆகவே திறந்த குவளைக்குப் பதிலாக, கைப்பிடிக்குள் தண்ணீர் அடைத்த தூரிகையையும் இறுக மூடும் சிறு புட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். வண்ணப்பெட்டியை ஒரு கயிற்றால் பலகையோடு கட்டிவிடுவது நல்லது.

சாய்வை எதிர்ப்பதைவிடப் பயன்படுத்திக்கொள்வதே எளிது. வானத்தைத் தீட்டும்போது தாளின் மேல்விளிம்பு படகின் உயர்ந்த பக்கத்தில் இருக்குமாறு பலகையைத் திருப்பிக்கொண்டால், தூரிகையின் கீழ் திரளும் நீலம் ஒவ்வொரு இழுப்புக்கும் சீராக இறங்கி வரும். ஆனால் காற்றுக்கு ஏற்பப் படகைத் திருப்பிப் பாயை மறுபுறம் மாற்றும்போது சாய்வும் மாறிவிடும் என்பதால், பெரிய பரப்பைத் தொடங்குமுன் சுக்கான் பிடித்திருப்பவரிடம் அடுத்த திருப்பம் எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடல்நீரைத் தொட்டு வரையும் ஆசை பலருக்கும் உண்டு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் உள்ள மக்னீசிய உப்புகள் காற்றின் ஈரத்தை இழுப்பதால், காய்ந்த தாளும் மீண்டும் பிசுபிசுக்கும். பாதி காய்ந்த நீலத்தின்மீது ஒரு துளி அலைச்சாரல் விழுந்தால், அந்த இடத்தில் நிறம் விலகி, ஓரம் கருத்த வெளிறிய பூ ஒன்று விரியும். அதை வேண்டுமென்றே வரவழைக்கலாம். ஆனால் ஓவியம் முழுவதற்கும் நன்னீரே வேண்டும். தூரிகையை முதலில் துணியில் துடைத்துவிட்டுப் பிறகு அலசினால், சிறிய ஓவியத்துக்கு 100 மில்லிலிட்டர் போதும்.

தாள், 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள பருத்தித் தாளாக, நான்கு ஓரமும் ஒட்டிய சிறு கட்டாக இருக்கட்டும். காற்று அதைப் புரட்டாது. வண்ணங்கள் ஆறேழு போதும். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பும் கலந்தால் மழைமேகச் சாம்பல் முதல் பாயின் நிழல்வரை கிடைத்துவிடும் என்பதால், கறுப்பை நான் பெட்டியில் வைப்பதே இல்லை.

வெயிலில் பளிச்சிடும் தாளில் எந்த நிறமும் வெளிறித் தெரியும். அதனால் நம்மையறியாமல் அடர்த்தியாகப் பூசிவிட்டு, அறைக்குள் போனதும் இருண்ட படத்தைக் கண்டு வருந்துவோம். பாயின் நிழலில் அமருங்கள். போலராய்டு கண்ணாடி கடலின் மேற்பரப்புப் பளபளப்பை அகற்றிவிடுவதால், நிறம் பார்க்கும் நேரத்தில் அதைக் கழற்றிவிடுங்கள்.

கடற்காற்றில் வண்ணம் மெதுவாகவே காயும். ஈரமான வண்ணக்கட்டிகளை மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே இரவு நங்கூரமிட்ட பிறகு பெட்டியைச் சாரல் படாத இடத்தில் திறந்தே வையுங்கள்.