பழைய அவுட்போர்டு மோட்டார்: இம்பெல்லரை மாற்றினால் மட்டும் போதாது

போன மாதம் ஒரு புதியவர் தன் படகின் பின்னால் மாட்டும் பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரைப் பிரித்துவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கையில் கழற்றிய இம்பெல்லர், அதாவது மோட்டாரைக் குளிர்விக்கத் தண்ணீரை மேலே ஏற்றும் பம்பின் ரப்பர் சக்கரம். ஆறு இறக்கைகளில் நான்குதான் இருந்தன. "மீதி ரெண்டு எங்கே?" என்றேன். "உடைஞ்சுபோச்சுங்க, அதான் புதுசு வாங்கிட்டேன்" என்றார். பல வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன்.

டேங்க் மூடியின் காற்றுத் துளையைத் திறக்க மறப்பது போன்ற சின்னத் தவறுகளை ஒருமுறை பட்டால் நீங்களே திருத்திக்கொள்வீர்கள். அவற்றை விட்டுவிட்டு, மற்ற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

உடைந்த இறக்கையைத் தேடாமல் விடுவது

ரப்பர் இம்பெல்லருக்குத் தண்ணீர்தான் வழவழப்பு. வறண்டு ஓடினால் சில விநாடிகளிலேயே சூடேறித் தேயும். வருடக்கணக்கில் சும்மா நின்ற மோட்டாரில் இறக்கைகள் வளைந்தபடியே இறுகிக் கிடக்கும். ஸ்டார்ட் செய்ததும் முறியலாம். முறிந்த துண்டு தண்ணீரோடு மேலே ஏறி, குழாயிலோ சிலிண்டரைச் சுற்றிய குறுகிய பாதையிலோ, சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டிலோ அடைத்துக்கொள்ளும்.

என் மோட்டாரில் போனது ஒரே ஒரு துண்டு, சுண்டுவிரல் நகம் அளவு. புது இம்பெல்லர் போட்டேன். பின்பக்கத் துவாரத்தில் தண்ணீர் நன்றாகப் பீய்ச்சியது. சரி, வேலை முடிந்தது என்று கிளம்பினேன். ஆனால் அந்தத் தண்ணீர் பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. பல மோட்டார்களில் அது ஹெட்டை (சிலிண்டரின் மேல் மூடியை) சுற்றி வருவதற்கு முன்பே பிரிந்து வெளியேறிவிடும். முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓடியிருக்கும். வேகம் தானாக இறங்கியது, நின்றது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை. பிரித்தபோது மேல் சிலிண்டரின் சுவரில் பிஸ்டன் அலுமினியம் கோடுகோடாக அப்பியிருந்தது. ஒரு ரப்பர் துண்டைத் தேடாததால் ஒரு சிலிண்டரே போனது. நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

இறக்கைகளை எண்ணுங்கள். கிடைத்த துண்டுகளை அடுக்கி, முழுச் சக்கரம் ஆகிறதா பாருங்கள். குறைந்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, அந்த வழியாக மேலிருந்து கீழே தண்ணீரைப் பீய்ச்சுங்கள். அப்போதும் வராவிட்டால் ஹெட்டைத் திறக்கத் தயங்காதீர்கள். பிஸ்டன் செலவைப் பார்த்தால் கேஸ்கெட் செலவு ஒன்றுமே இல்லை. அந்தப் புதியவரின் ஒரு துண்டு குழாயில் இருந்தது, இன்னொன்று தெர்மோஸ்டாட்டுக்கு அடியில்.

அப்புறம், புது இம்பெல்லர் மேல் பம்ப் மூடியை இறக்கும்போது ஷாஃப்டை அது ஓடும் திசையிலேயே திருப்பிக்கொண்டு இறக்குங்கள். இறக்கைகள் சரியான பக்கம் வளைந்து உட்காரும்.

கியர் ஆயிலை மேலிருந்து ஊற்றுவது

கியர் பெட்டியின் கீழ்த் துளையில் ஏற்றுங்கள், மேல் துளையில் வழியும்வரை. வடித்த ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் சீல் வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது.

ஸ்டார் தலை ஸ்க்ரூவைக் கழற்றுவது

பல பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் ஆயில் வடிக்கும் ஸ்க்ரூவுக்குப் பக்கத்திலேயே பிளஸ் வடிவத் தலையோடு இந்த ஸ்க்ரூ இருக்கும். கியர் மாற்றும் அமைப்பைப் பிடித்திருப்பது அதுதான். தொடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் பெட்ரோலும் ஆயிலும் 50:1 கலப்பது

மிகப் பழைய மோட்டார்கள் சில 24:1 கேட்கும்.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்காமல் கார்புரேட்டரைப் பிரிப்பது

சிலிண்டர்களுக்கு இடையே அழுத்தத்தில் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் மோட்டார் சரியாக ஓடாது.