பழமரத்தில் முளைத்த காளான் எது என்று கண்டுபிடிப்பது

காளானைப் பார்த்ததும் பிய்த்துப் போடாதீர்கள். வெளியே தெரிவது வித்து பரப்பும் உறுப்பு மட்டும்தான். கட்டைக்குள் ஓடும் பூஞ்சை இழைகள் அப்படியே இருக்கும். பிய்த்தால் அடையாளம்தான் போகும், நோய் போகாது.

முதலில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தூரிலா, பழைய வெட்டுக்காயத்திலா, பட்டுப்போன கிளையிலா? மண்ணில் முளைத்திருந்தால் பக்கவாட்டில் மெல்லத் தோண்டி, வேரோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மட்கும் சருகில் மட்டும் வளர்ந்தது என்றால் கவலையில்லை. பட்டையில் சாம்பல் பச்சையாகப் படர்ந்திருப்பது பெரும்பாலும் லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிரி. அது மரத்தைத் தின்பதில்லை.

அடுத்து அடிப்பக்கம். பலர் மேல்பக்கத்தை மட்டும் படமெடுத்துவிட்டுப் பெயர் கேட்பார்கள். அதை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு சிறு கண்ணாடியைக் கீழே பிடித்தால் செவுளா (தகடு தகடான மடிப்புகள்), நுண்துளையா, வழவழப்பா என்று தெரிந்துவிடும். ஓரம், ஒட்டியிருக்கும் இடம், வெட்டிய உட்புறம் ஆகியவற்றையும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள்.

இனி வித்துத்தூள், அதாவது காளானின் அடியிலிருந்து உதிரும் நுண்ணிய வித்துகள். முதிர்ந்த காளான் ஒன்றின் காம்பை வெட்டி, குடை பாதி வெள்ளைத்தாளிலும் பாதி கறுப்புத்தாளிலும் படும்படி கவிழ்த்து வையுங்கள். மேலே ஒரு துளி நீர் விட்டு, கிண்ணத்தால் மூடி, இரவு முழுக்க விடுங்கள். வெள்ளைத்தாள் மட்டும் வைத்தால் வெண்தூள் கண்ணில் படாமல் 'ஒன்றும் விழவில்லை' என்று ஏமாந்துபோவீர்கள். காய்ந்துபோன காளானில் பெரும்பாலும் தூளே விழாது.

தூரில் தேன்நிறக் காளான்கள் கொத்தாக வந்து, தூள் வெள்ளையாக விழுந்தால் வேரை அழுகவைக்கும் ஆர்மில்லாரியா பூஞ்சையைச் சந்தேகியுங்கள். அருகே இறந்த பட்டையைக் கொஞ்சம் நெம்பினால் காளான் வாசனையோடு வெள்ளைத்தோல் போன்ற படலம் தெரியும். மண்ணில் கறுப்புக் கயிறு போன்ற இழைகளும் கிடைக்கலாம். தூள் துருப்பழுப்பாக இருந்தால் அது வேறு. உயிரைக் குடிக்கும் கேலரினா என்ற நச்சுக்காளானும் கட்டையில் கிட்டத்தட்ட இதே தோற்றத்தில் வளரும். ஆகவே சமைத்துப் பார்க்கும் யோசனையே வேண்டாம்.

விசிறி போலச் சிறிதாக, மேலே வெண்சாம்பல் மயிர், கீழே நீளவாக்கில் பிளந்த செவுள் என்றால் ஸ்கைசோஃபில்லம். பெரும்பாலும் வெயிலில் வெந்தோ காயம்பட்டோ செத்த கட்டையில் வரும். மஞ்சள் ஆரஞ்சு நிறத்தில் அடுக்கடுக்காக, அடியில் நுண்துளையோடு இருந்தால் லேட்டிபோரஸ். உள்ளே வைரக்கட்டை பழுப்புக் கட்டிகளாக நொறுங்கியிருக்கும். பிளம், செர்ரி போன்ற மரத்தில் ஊதா நிற மெல்லிய அடுக்குகளும் வெள்ளி பூசியது போன்ற இலைகளும் சேர்ந்து வந்தால், விரல் பருமனுக்கு மேற்பட்ட ஒரு கிளையை வெட்டி, வெட்டுமுகத்தை நனையுங்கள். நடுவில் பழுப்புக் கறை தெரிந்தால் வெள்ளியிலை நோய்தான்.

எல்லாவற்றிலும் அவசரமானது கானோடெர்மா: தூரில் மரத்தைப் போலக் கெட்டியான தட்டு, சில வகைகளில் வார்னிஷ் அடித்தாற்போல் செம்பழுப்புப் பளபளப்பு, அடியில் வெள்ளை, கீறினால் பழுப்பு, சுற்றிலும் கோகோ போன்ற தூள். இலைகள் பச்சையாக இருக்கும்போதே தாங்குவேர் உளுத்துப்போயிருக்கலாம். மரச்சுத்தியலால் தூரைச் சுற்றித் தட்டி, பொள்ளென்று ஒலிக்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். மர வல்லுநர் வந்து பார்க்கும்வரை அதில் யாரையும் ஏற விடாதீர்கள்.